காரைக்காலில் கள்ளும் போஜொலே ஒயினும்: மாசி மாதப் பயணம்

பிப்ரவரி 13, வியாழன். நிரவி

மாயவரத்திலிருந்து காரைக்கால் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சம்பா அறுத்து முடிந்த வயல்களில் தாளுக்கு நடுவே உளுந்து பச்சை கட்டி நின்றது. அறுவடைக்கு முன்பே ஈரத்தில் விதையைத் தெளித்துவிட்டால் போதும், உழவும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம், மாசிப் பனியைக் குடித்தே வளர்ந்துவிடும் என்று பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார். நான் கேட்கவில்லை. வெளியூர் என்று முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார் போல. இறங்கும்போது என் பையை மேலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒயின். தோழியின் அண்ணன் பிரான்ஸில், லியோன் நகருக்கு வடக்கே உள்ள போஜொலே பகுதியில், ஒரு சின்ன ஒயின் வீட்டில் வேலை செய்கிறார். ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் இடம். திராட்சையைத் தவிர வேறெதுவும் சேர்க்காமல் ஒயின் செய்கிறார்கள். இயற்கை ஒயின் என்று இப்போது உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அந்த வகை. கொஞ்ச காலமாக அதைப் பற்றி விடாமல் வாசித்து வருகிறேன். சென்னையில் எவ்வளவு தேடியும் ஒரு பாட்டில்கூடக் கிடைத்ததில்லை. அண்ணன் திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலையில் பாதியை முடித்துவிட்டு ஊருக்கு வருகிறார், பாட்டிலும் வருகிறது என்று தோழி சொன்னதும் கிளம்பிவிட்டேன்.

பிரான்ஸில் வேலை என்பது இந்த ஊரில் அதிசயமான செய்தி இல்லை. 1954 நவம்பர் 1 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை இங்கே சொல்தா என்பார்கள். தோழியின் அப்பா ஒரு சொல்தா. திண்ணையில் சாய்வு நாற்காலியில் இருந்தவர் எழுந்து நின்று, "வாம்மா, மொதல்ல சாப்பிடு, பேச்செல்லாம் அப்புறம்" என்றார்.

கொடுவா மீன் குழம்பு, இறால் போட்ட சுரைக்காய், ரசம். புளி அதிகம் இல்லாத, மீனின் ருசியை மறைக்காத குழம்பு. அம்மா மூன்றாவது தடவையும் சோறு போட வந்தபோது மறுக்க முடியவில்லை.

ஒரே ஒரு குறை. அண்ணன் முந்தின நாளே வந்து சேர்ந்துவிட்டார். பாட்டில்கள் இருந்த பெட்டி வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி. நிரவி

மதியம் மூன்று மணிக்கு ஒரு வேனில் பெட்டி வந்தது. வேறு ஏதோ ஒரு விமான நிலையத்தின் வெயிலில் கிடந்து, சென்னைக்கு வந்து, அங்கேயும் கிடந்து, பிறகு வேனின் இரும்புக் கூரைக்குக் கீழே ஏழு மணி நேரம் பயணம் செய்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர் வரி கட்டாமல் இரண்டு லிட்டர் மது கொண்டுவரலாம். அந்தக் கணக்கில் இரண்டு பாட்டில்கள், ஒவ்வொன்றும் 750 மில்லி. திறப்பதற்கு முன்பே அண்ணனின் முகம் வாடிவிட்டது. ஒன்றில் தக்கை அரை விரல் அளவுக்கு மேலே தள்ளிக்கொண்டு நின்றது.

அதைத்தான் முதலில் திறந்தார். நுரைக்கக் கூடாத ஒயின் நுரைத்தது. முகர்ந்தால் காடி. வாயில் வைத்தபோது பழச்சுவை கொஞ்சம் இருந்தது, ஆனால் விழுங்கிச் சில நொடிகள் கழித்துத் தொண்டையிலிருந்து எலி அடைந்த பரண் வாடை கிளம்பியது. "இதுதான் எங்க தொழில்ல பெரிய பயம்" என்றார் அண்ணன். அந்த வாடை பாட்டிலில் தெரியாதாம். ஒயினின் புளிப்பு அதை மறைத்து வைத்திருக்கும், எச்சிலோடு கலந்து புளிப்பு தணிந்ததும் வெளிப்படும். அவர் சொன்ன பிறகு இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன். அப்படியேதான் நடந்தது.

சாதாரண ஒயினுக்கு இந்தக் கதி அவ்வளவு சீக்கிரம் வராது. காரணம் கந்தகம். பழம் வந்து இறங்கியதும் கந்தக டை ஆக்சைடு சேர்த்து, தோலோடு வந்த காட்டு ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் அடக்கிவிட்டு, கடையில் வாங்கிய ஈஸ்ட்டைப் போட்டுப் புளிக்க வைப்பார்கள். அடைக்கும்போது மறுபடியும் கந்தகம். ஐரோப்பிய விதிப்படி சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரையும் வெள்ளையில் 200 வரையும் இருக்கலாம். புளிப்பைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, தெளிய வைக்க ஒன்று என்று அனுமதிக்கப்பட்ட சேர்மானங்கள் இன்னும் பல. சேர்மானப் பட்டியலைப் பாட்டிலின் மேலோ அதில் உள்ள QR குறியீட்டின் வழியாகவோ தர வேண்டிய கட்டாயம் 2023 டிசம்பரில்தான் வந்தது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கு இருந்த விதி ஒயினுக்கு அதுவரை இல்லை என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி.

இதற்கு எதிராகக் கிளம்பியவர்கள் அண்ணன் வேலை செய்யும் அதே பகுதிக்காரர்கள். ஜூல் ஷொவே என்று ஒருவர், 1907இல் பிறந்து 1989இல் இறந்தவர். ஒயின் வியாபாரி, வேதியியலும் தெரிந்தவர். கந்தகம் இல்லாமல் ஒயின் செய்ய வேண்டுமென்றால் முதலில் தோட்டத்தில் ரசாயனத்தை நிறுத்த வேண்டும், அழுகிய பழம் ஒன்றுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது, தொட்டியும் பாதாள அறையும் துப்புரவாக இருக்க வேண்டும் என்று சோதனை செய்து சொன்னவர். 1980களின் தொடக்கத்தில் வில்லியே மொர்கோன் ஊரைச் சேர்ந்த மார்செல் லாபியேர் அவரிடம் கற்றுக்கொண்டு தன் ஒயினை மாற்றினார். பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்துகொண்டார்கள். லாபியேர் 2010இல் இறந்துவிட்டார். அந்த வழியில் வந்தவர்கள் இன்று பிரான்ஸ் முழுக்க இருக்கிறார்கள். 2020இல் "வேன் மெத்தோத் நத்யூர்", அதாவது இயற்கை முறை ஒயின், என்று தனி முத்திரையே வந்தது. இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற பழம், கையால் பறித்தது, தன் ஈஸ்ட்டாலேயே புளித்தது, கந்தகம் போட்டாலும் 30 மில்லிகிராமுக்குள்.

அண்ணன் இதைச் சொல்லும்போது கெட்டுப்போன ஒயின் கண்ணாடித் தம்ளரில் எங்கள் முன்னால்தான் இருந்தது. அவர் அதை மறைக்கப் பார்க்கவில்லை. "இந்த ரிஸ்க்கை எடுத்துக்கிட்டுத்தான் செய்யறாங்க. ஒரு வருஷத்து ஒயின் மொத்தமும் போயிருக்கு. அழுதுட்டே வடிச்சு ஊத்தினோம்" என்றார். அந்த வீட்டில் ஒரு பாட்டில் 18 யூரோ, நம் கணக்கில் 1,600 ரூபாய்க்கு மேல். விலையை வாசித்தபோதெல்லாம் அதிகம் என்று நினைத்திருக்கிறேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

அப்பா கேட்டார்: "நம்ம கம்பத்துப் பன்னீர் திராட்சையில இப்படிச் செய்ய முடியாதாடா?" அந்தத் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குளிர்காலம் வந்து கொடி தூங்கும் நாட்டில் ஆண்டுக்கு ஒரே அறுவடை, கம்பத்தில் வருஷம் முழுக்கப் பழம். அண்ணன் யோசித்துவிட்டு, "செய்யலாம்ப்பா, ஆனா புளிப்பு பத்தாது. கந்தகம் இல்லாத ஒயினைக் காப்பாத்துறதே அந்தப் புளிப்புதான்" என்றார். பிறகு, "இங்க எதுக்குத் திராட்சை? நாளைக்குக் காலைல தோப்புக்குப் போவோம்" என்றார்.

இரண்டாவது பாட்டிலின் தக்கை இருந்த இடத்தில் இருந்தது. பிரிட்ஜின் அடித்தட்டில் படுக்க வைத்திருக்கிறது.

பிப்ரவரி 15, சனி. கோட்டுச்சேரி பக்கம்

ஐந்து மணிக்கு வண்டியில் கிளம்பினோம். பனி முகத்தில் ஈரமாகவே படிந்தது. திருநள்ளாறு திரும்பும் இடத்தில் அந்த நேரத்துக்கே கார்கள் வரிசை கட்டி நின்றன. சனிக்கிழமை, சனீஸ்வரனைப் பார்க்க வந்த கூட்டம். ஒரு ஆந்திரக் குடும்பம் சாலையோரம் பாய் விரித்து உட்கார்ந்து, கைக்குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தைத் தாண்டவே இருபது நிமிடம்.

தோப்புக்காரர் அண்ணனுக்குப் பழக்கமானவர். மரம் ஏறுபவர் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். "வாங்க தம்பி. தங்கச்சியுமா? பனியில நிக்காதீங்க, கொட்டாய்க்குள்ள உக்காருங்க" என்றார். நான் நின்றே பார்த்தேன்.

காலில் தளைக் கயிறு, இடுப்பில் பாளைக்கத்தி, தோளில் ஒரு கேன். ஒரு தென்னையின் உச்சிக்குப் போக அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விரியாத பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, சில நாட்கள் கட்டையால் பதமாகத் தட்டித் தட்டிப் பழக்க வேண்டும். பிறகு நுனியைத் தினமும் மெல்லியதாகச் சீவ வேண்டும். சீவல் தடித்துவிட்டால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், மெலிந்துவிட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். காலையும் மாலையும் ஏற வேண்டும், ஒருநாள் விட்டாலும் பாளை கோபித்துக்கொள்ளும் என்றார். நல்ல மரம் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். பனை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, ஆனி வரைக்கும் போகும். தென்னைக்குப் பருவம் இல்லை.

அண்ணன் கலயத்தை வாங்கி உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். வண்டல் மாதிரி ஒரு படிவு. "இதைக் கழுவ மாட்டீங்களாண்ணே?" என்று நான் கேட்டேன். "சுத்தமாக் கழுவிட்டா கள்ளு எப்படிம்மா பொங்கும்? நேத்து உள்ளதுல கொஞ்சம் இருக்கணும்." அண்ணன் என் பக்கம் திரும்பி, அவர்கள் வீட்டுப் பாதாள அறையின் சுவரையும் இப்படித்தான் விட்டு வைத்திருக்கிறார்கள் என்றார். ஈஸ்ட் அங்கே குடியிருக்கிறது. வெள்ளையடித்தால் விரட்டியது போலாகும்.

பதநீர் வேண்டுமென்றால் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி மாட்டுவார்கள். பாளையிலிருந்து சொட்டும் சாறு சுண்ணாம்பைத் தொட்டதும் ஈஸ்ட் தலையெடுக்க முடிவதில்லை, இனிப்பு அப்படியே நிற்கிறது. சுண்ணாம்பு இல்லையென்றால் சொட்டச் சொட்டவே புளிப்பு ஆரம்பித்துவிடும். சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போலச் சர்க்கரை. ஒயினைப் புளிக்க வைக்கும் அதே ஈஸ்ட், கூடவே ஜைமோமோனாஸ் என்ற பாக்டீரியா, தயிரைப் போலப் புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள், கடைசியில் காடியாக்கும் பாக்டீரியா, எல்லாம் தேனீ மேலும் எறும்பு மேலும் காற்றிலும் கத்தியிலும் ஏறி வருகின்றன. போஜொலேயில் இதே வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். இங்கே ஒரு ராத்திரி போதும்.

கேனை இறக்கியதும் தென்னையின் பன்னாடையை வாயில் கட்டி, எறும்பும் தேனீயும் நிற்கும்படி வடித்தார். ஆளுக்கு ஒரு தம்ளர். பாலில் நிறைய நீர் விட்ட நிறம். முதலில் இனிப்பு, நாக்கின் இரண்டு பக்கமும் மெல்லிய சுருசுருப்பு, பின்னால் இளநீர் வழுக்கையின் மணம். நான் இதற்கு முன் குடித்த கள் எதுவும் இப்படி இல்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் சுழற்றி, மூக்கால் காற்றை விட்டார். அவர் தொழிலில் செய்வது போலவே. மரம் ஏறுபவர் அதை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கள் நேரே உரிமம் உள்ள கடைக்குப் போகிறது. புதுச்சேரி அரசின் கலால் துறை விடும் ஏலத்தில் கடையை எடுத்தவர் வேறு, தோப்புக்காரர் வேறு, ஏறுபவர் வேறு. நாங்களும் கடைக்குப் போனோம். ஓலைக் கொட்டகை, மண் தரை, நீள பெஞ்சுகள். ஒரு சொம்பு 50 ரூபாய். வயல் நண்டு வறுவல் 60, கெளுத்தி 40. பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகுமோ என்று எனக்குத் தயக்கம் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெரியவர் பீடியை அணைத்துவிட்டு இடம் விட்டார், கடைப் பையன் என் தம்ளரை இரண்டாம் முறை கழுவிக் கொண்டுவந்தான். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. நகரத்தின் விலை உயர்ந்த மதுக்கூடங்களில் இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் நடத்தியதில்லை.

ஒரே கள்ளை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் குடித்துப் பார்த்தோம். பத்து மணிக்கு இனிப்பு பாதிக்குப் பாதி போய்விட்டது, வாசம் ஏறியிருந்தது, குடித்ததில் அதுவே எனக்குச் சிறந்தது. ஒரு மணிக்குப் புளிப்பு முன்னால் வந்து நின்றது, காரமான நண்டுக்கு அதுதான் பொருத்தம். இந்த அளவில் மதுச்சத்து நான்கிலிருந்து ஆறு சதவீதம் இருக்கும். நாளைக்கு அது காடி. அம்மா அந்தக் காடியை வாங்கி வைத்து மீன் ஊறப்போடுவார். ராத்திரி ஆப்பத்துக்கும் காலைக் கள்தான் மாவில் போயிற்று. நடுவே பஞ்சும் ஓரத்தில் மொறுமொறுப்புமாக, தேங்காய்ப் பாலோடு.

எல்லாக் கடையிலும் இப்படிக் கிடைக்காது என்று மரம் ஏறுபவரே சொன்னார். போதை ஏறவில்லை என்று கேட்பவர்களுக்காகக் கலப்பவர்கள் உண்டு. குளோரல் ஹைட்ரேட்டும் மயக்க மாத்திரைத் தூளும் கலந்த கள் தென்னிந்தியாவில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது, உயிர்களும் போயிருக்கின்றன. "நான் இறக்குறது நல்லது. அங்க போய்ச் சேர்ற வரைக்கும் நல்லதா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு. வாஞ்சூர், நாகூர், வேளாங்கண்ணி

அம்மாவுக்கு வேளாங்கண்ணியில் ஒரு நேர்த்திக்கடன். எல்லோரும் காரில் கிளம்பினோம். வாஞ்சூர் சாவடியில் வண்டியைச் சோதித்தார்கள். காரைக்காலில் வாங்கிய மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. நேற்றைய காலிக் கேன் ஒன்று பின்னால் கிடந்தது. இளம் காவலர் மூடியைத் திறந்து முகர்ந்து, "காலியா இருந்தாலும் வாசனை இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்து, "மாதாவுக்கு எனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துங்கம்மா" என்றார். அம்மா மறக்காமல் ஏற்றினார்.

சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண், ஒரே உப்புக் காற்று, ஒரே தென்னையும் பனையும். அந்தப் பக்கத்து மரங்களில் கள் கலயம் மட்டும் இல்லை. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. கலப்படத்தைத் தடுக்க முடியாது என்பது அரசுத் தரப்பின் வாதம். நேற்று மரம் ஏறுபவர் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மரத்திலிருந்து இறங்கும் ஐந்து சதவீத மது கூடாது, ஆலையில் வடித்து வரும் 42.8 சதவீத மதுவை அரசே கடை வைத்து விற்கலாம் என்பதை எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. கலப்படம் பயம் என்றால் யார் இறக்கியது, எந்தத் தோப்பு, எந்த நாள் என்று தெரியும்படி விற்கச் செய்யலாமே.

நாகூரில் தர்கா தெருவில் வாடா சாப்பிட்டோம். அரிசி மாவு வட்டையின் மேல் இறாலும் வெங்காயமும் பதித்து எண்ணெயில் பொரித்தது. ஒன்று 15 ரூபாய். கடைக்காரர் இறால் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, எங்களைக் காத்திருக்கச் சொல்லி, மகனைச் சைக்கிளில் சந்தைக்கு அனுப்பினார். "இறால் இல்லாம குடுத்தா அதுக்குப் பேரு வாடா இல்லைங்க." அரை மணி நேரம் காத்திருந்து சாப்பிட்டோம். அந்தக் காத்திருப்புக்குத் தகுந்த வாடா.

வேளாங்கண்ணியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மொட்டை போட்ட குழந்தைகள், மணலில் முழங்காலால் போகிறவர்கள், பொரித்த மீன் வாடை. கடற்கரைப் பக்கம் ஒரு வரிசைப் பனைகள் மட்டும் வயதோடு நின்றன, சுற்றி இருந்த தென்னைகள் எல்லாம் இளசு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த மாவட்டத்தின் தென்னையை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. பனை அசையவில்லை.

பூசைக்குப் பிறகு அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி, திருப்பலிக்கான ரசம் இயற்கையானதாக, திராட்சைப் பழத்திலிருந்து வந்ததாக, கெடாததாக இருக்க வேண்டும் என்கிறதாம். அவர் வேலை செய்யும் வீட்டில் அந்த அம்மாள் இந்த வரியைத் தொட்டி அறையின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். இயற்கை, கெடாதது, இரண்டும் ஒரே வரியில். நாற்பது வருடமாக இயற்கை ஒயின்காரர்கள் போராடுவது இந்த இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கத்தான்.

திரும்பும்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கார் ஏசி வேலை செய்யவில்லை, உடம்பெல்லாம் உப்பு.

பிப்ரவரி 17, திங்கள். கோட்டுச்சேரி, மாயவரம்

இரண்டாவது பாட்டிலை மரம் ஏறுபவரோடு சேர்ந்து திறக்க வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்திருந்தார். காலை ஏற்றம் முடிந்து அவர் பழைய சோறும் சுட்ட கருவாடும் சாப்பிட்டு முடித்த நேரம். ஈரத் துணி சுற்றிக் கொண்டுபோன பாட்டிலைத் தோப்பிலேயே திறந்தோம்.

இது நன்றாக இருந்தது. நன்றாக என்பது போதாத சொல். லேசான சிவப்பு, கொஞ்சம் கலங்கல். நாவல் பழமும் மழைக்குப் பிந்தைய மண்ணும், மிளகு போல ஒரு கடைசிக் காரம். துவர்ப்பு மிகவும் குறைவு, அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகிறது. கமே என்ற திராட்சை, கருங்கல் மண்ணில் வளர்வது. கொத்தைப் பிய்க்காமல் மூடிய தொட்டியில் முழுதாகப் போட்டுவிடுவார்கள். பழம் ஒவ்வொன்றும் தன் தோலுக்குள்ளேயே புளிக்கத் தொடங்கும். அந்தப் பழத்தின் மணம் போகாமல் இருப்பது அதனால்தான்.

மரம் ஏறுபவர் தம்ளரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"கலப்பு இல்ல" என்றார்.

எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். கலந்த சரக்கு தொண்டையில் ஒரே இடத்தில் பிடிக்குமாம், இது வழியெல்லாம் மாறிக்கொண்டே போகிறதாம். பாட்டிலை வாங்கித் திருப்பினார். "இதுல என்ன எழுதியிருக்கு தம்பி?" அண்ணன் படித்துக் காட்டினார். செய்தவர்கள் பெயர், ஊர், அறுத்த வருடம், தோட்டத்தின் பெயர். தோட்டத்துக்குப் பெயர் இருப்பதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்தத் தோப்பில் அவர் ஏறும் ஒவ்வொரு மரத்துக்கும் அவரிடம் ஒரு பெயர் இருக்கிறது. கிணத்தடிக்காரி, கூனன், கஜாவுக்குத் தப்பினவள்.

"நெலம் அவங்களுதா?" என்று அடுத்துக் கேட்டார். இல்லை, ஆரம்பத்தில் வாரத்துக்குத்தான் எடுத்திருந்தார்கள், விளைந்ததில் பங்கு நிலக்காரருக்கு, போஜொலேயில் அது பழைய வழக்கம் என்று அண்ணன் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தஞ்சை வயல்களில் உள்ள அதே வார ஏற்பாடு அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பல வருடம் கழித்துக் கடன் வாங்கி நிலத்தில் ஒரு பகுதியை வாங்கியிருக்கிறார்கள். பெயர் போட்டு விற்றதால், அந்தப் பெயரைக் கேட்டு ஆட்கள் வந்ததால், கடன் அடைந்தது.

இங்கே ஏலம் எடுத்தவர் பெயர் கடையில் இருக்கிறது. குடிப்பவர் யாருக்கும் இவர் பெயர் தெரியாது. கைத்திறனில் இவருக்கும் அந்தத் தம்பதிக்கும் ஏற்றத்தாழ்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் கந்தகத்தை நிறுத்தியது துணிச்சல் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இவர் அறுபது அடி உயரத்தில் பனியில் வழுக்கும் மரத்தில் நின்று தினமும் அதையே செய்கிறார். அண்ணனும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். தோப்புக்காரரிடம் போய், கடைக்குப் போகும் கேனில் மரம் ஏறுபவர் பெயரையும் இறக்கிய நேரத்தையும் சாக்பீஸால் எழுதலாமா என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைக்காரரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

கிளம்பும்போது மரம் ஏறுபவர் ஒரு பனங்கருப்பட்டிச் சில்லை ஓலையில் மடித்துக் கொடுத்தார், சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது. பணம் நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். காலிப் பாட்டில் வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு மாயவரம் வண்டி. பேருந்து நிலையத்தில் காபி 20 ரூபாய், சுமார்தான்.

காரைக்கால் போகிறவர்கள் கள் குடிப்பதாக இருந்தால் காலை ஒன்பது மணிக்குள் போங்கள். எந்தத் தோப்பிலிருந்து வந்தது, யார் இறக்கியது என்று கடையில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் குடிக்காதீர்கள். பனங்கள் வேண்டுமென்றால் பங்குனி, சித்திரைதான் சரியான மாதங்கள். ஆனியில் மாங்கனித் திருவிழாவோடு சேர்த்துப் போனால் அதன் கடைசிப் பருவமும் கிடைக்கும் என்றார் மரம் ஏறுபவர், நானும் அப்போது போகத்தான் எண்ணியிருக்கிறேன்.